பொம்மை போட்டுக்கொண்ட கம்பளிச் சட்டை

1

லீட்ஸ் பட்டணத்துத் தை மாதத்தை மயிலாப்பூரில் இருக்கிறவர்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. பகல் சாப்பாட்டுப் பாத்திரம் தேய்த்து நிமிர்வதற்குள் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. கணப்புக்கு நிலக்கரி அளந்துதான் கிடைக்கிறது. சண்டை ஓய்ந்து இத்தனை வருஷமாகியும் ஜயித்த தேசம் இப்படிக் குளிரில் நடுங்குவானேன் என்று யாரைக் கேட்பது?

அப்படி ஒரு சாயங்காலம் ராஜம் வந்தாள். அவள் ஆத்துக்காரர் இங்கே டாக்டர். அவளுக்குப் பிறந்தகம் தியாகராய நகர். மழைக்காலம் முழுக்க ஊரில் இருந்துவிட்டு, போன வாரம்தான் திரும்பியிருக்கிறாள். என் அக்கா விசாலம் கொடுத்தனுப்பிய அப்பளக் கட்டையும் வற்றல் பொட்டலத்தையும் மேஜைமேல் வைத்தாள். எனக்கு அதைப் பிரிக்கக்கூடப் பொறுமையில்லை.

"கோமதியைப் பார்த்தியோ?" என்றேன்.

கோமதி என் பெண். ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. மயிலாப்பூரில் அக்காவிடம் வளர்கிறாள். வருகிற பங்குனியில் ராஜத்தின் நாத்தனார் குடும்பம் பம்பாயில் கப்பலேறுகிறது; அவர்களோடு கோமதியை அனுப்பி வைப்பதாக ஏற்பாடு. மூன்று வருஷமாக நான் காத்துக்கொண்டிருப்பது அந்தக் கப்பலுக்குத்தான்.

"பார்க்காமலா? நவராத்திரிக்கு உங்காத்துக்குப் போய் வெத்தலை பாக்கு வாங்கிண்டேனே. என்னமாப் பாடறா தெரியுமோ! உன் மூக்கு, உன் பிடிவாதம்," என்றாள் ராஜம். பிறகு ஏதோ ஞாபகம் வந்து சிரித்தாள். "ஏண்டி, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். கொலுவிலே மரப்பாச்சிக்கு ஒரு சட்டை போட்டிருந்தாளே, நீலக் கம்பளி, கழுத்தைச் சுத்தி வெள்ளைப் பின்னல். அது நீ பண்ணினதுதானே? மரப்பாச்சிக்குக் கம்பளிச் சட்டையா! சீமை மோகம் இவளுக்கு இப்படித் தலைக்கேறிடுத்தேன்னு நெனச்சுண்டேன். அப்புறம் உங்காத்து வேலைக்காரி சொல்லித்தான் விஷயம் தெரிஞ்சுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பொம்மைக்குப் பண்ணினது இல்லை. கோமதி கப்பலைவிட்டு இறங்கும்போது குளிருக்குப் போட்டுக்கொள்ள என்று நான் பின்னி அனுப்பின சட்டை.

2

குரோஷாப் பின்னல் என்றால் ஊரில் சிலருக்கு இளக்காரம். ரேடியோவுக்கு ஒரு மூடி, பால் கூஜாவுக்கு ஒரு மூடி, மூடி பறக்காமலிருக்க ஓரத்தில் பாசிமணி. "இன்னும் அம்மிக் குழவிக்குத்தான் சட்டை பின்னலை," என்று எங்கள் அத்திம்பேர், அதுதான் விசாலத்தின் அகத்துக்காரர், கேலி பண்ணுவார். பண்ணிவிட்டு, அதே கூஜா மூடியைத் தூக்கிப் பாலை விட்டுக்கொண்டு குடிப்பார்.

எனக்கு அந்த வேலையில் ஏன் இத்தனை ஆசை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான் சாமான். எந்த நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கும். அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே போட்டுவிட்டு ஓடலாம். திரும்பி வந்தால் விட்ட இடத்தில் இருக்கும். பெண்டுகளின் நாளுக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது.

சாந்தோம் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ரோஸி மத்தியான வேளையில் காட்டிக் கொடுத்தாள். நான் வீட்டுக்கு வந்து அக்காவுக்குக் காட்டினேன். பத்தே நாளில் இருவருக்கும் போட்டி வந்துவிட்டது. அக்கா கை இறுக்கம். அவள் பின்னினால் தண்ணீர்கூட நிற்கும் என்பேன். என் கை தளர்வு. "உன்னுது கொசுவலைடி" என்பாள்.

பட்டணத்தில் பருவமே கிடையாது, வெயில், அதிக வெயில் இரண்டுதான் என்று சொல்கிறவர்கள் கையில் குரோஷா ஊசி பிடித்ததில்லை. கத்திரி வெயிலில் உள்ளங்கை வேர்த்து வெள்ளை நூல் பழுப்பாகிவிடும். விரலுக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, கடல் காற்று வருகிறவரைக்கும் தொடாமல் உட்கார்ந்திருப்போம். ஐப்பசி அடைமழையில் நூல் ஈரம் கோத்துக்கொண்டு ஊசியோடு மல்லுக்கு நிற்கும். மார்கழி வந்தால்தான் சொர்க்கம். விடியற்காலையில் மாடவீதியில் பஜனை போகும் சத்தம் கேட்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் நூல் தானாக ஓடும். ஊரே தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு ஏதோ பனிமலையில் இருப்பதுபோல நடுங்கும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதற்குப் பெயர் குளிரா?

யுத்தத்தின்போது நூல் அகப்படாமல் போயிற்று. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதிப் பட்டணம் காலியாகி, பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்த சமயம். எனக்குக் கோமதி வயிற்றில் இருந்தாள். குழந்தைக்குக் குல்லாய் பின்ன நூல் தேடி மயிலாப்பூரும் மாம்பலமும் அலைந்தேன். ஒரு கண்டு இல்லை. ஒரு நாள் அக்கா தன் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் உட்கார்ந்து தனக்கென்று பின்னின கட்டில் விரிப்பை எடுத்தாள். ஓரத்தைத் தேடிப் பிடித்து, கண்ணியை அவிழ்த்து, இழுக்க ஆரம்பித்தாள்.

"அக்கா! பைத்தியமா உனக்கு?" என்று கையைப் பிடித்தேன்.

"எனக்குக் குழந்தை இல்லேன்னு ஆயிடுத்து. இந்த விரிப்பை வெச்சுண்டு நான் யாருக்குக் காட்டப்போறேன்? நீ நூலைச் சுத்து," என்றாள்.

அவள் இழுக்க இழுக்க நான் கண்டாகச் சுற்றினேன். கோமதியின் முதல் குல்லாய், சொக்காய், காலுறை எல்லாம் அந்த நூல்தான்.

கோமதி நடக்க ஆரம்பித்த சமயத்தில் இவருக்கு இங்கே ஆலை இயந்திரக் கம்பெனியில் வேலை ஆயிற்று. முன்னால் வந்துவிட்டார். சண்டை முடிந்ததும் என்னையும் குழந்தையையும் வரச்சொல்லி எழுதினார். புறப்படுகிற சமயத்தில் கோமதிக்குக் கழுத்தில் நெறி கட்டிக்கொண்டது, சாயங்காலமானால் காய்ச்சல். அடையாற்றில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "இந்த உடம்போடு அந்தக் குளிருக்கா? ஒரு வருஷம் போகட்டும்," என்றார்.

"ஒரு வருஷம்தானேடி, நான் பாத்துக்கறேன். அவர் அங்கே தனியா ரொட்டியைத் தின்னுண்டு கெடக்கார். நீ கிளம்பு," என்றாள் அக்கா. கிளம்பினேன். ஒரு வருஷம் மூன்று வருஷமாயிற்று. உடம்பு தேறினபோது கப்பலில் இடமில்லை. இடம் கிடைத்தபோது துணையில்லை. துணை கிடைத்தபோது பிரயாணக் காகிதம் வரவில்லை.

3

வந்த புதிதில் நூல் கடையில் போய் "குரோஷா ஊசி" என்று இங்கிலீஷில் ஊசியைக் கேட்டேன். கடைக்காரி தையல் ஊசிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். கையால் வளைத்து வளைத்துக் காட்டினதும், "ஓ, கொக்கி!" என்றாள். எங்களுக்கு ஊசி, அவர்களுக்குக் கொக்கி. பிறகு கம்பளி நூலுக்கு ரேஷன் கூப்பன் கேட்டாள். எங்கள் இருவர் கூப்பனில் பாதி நூலுக்கே போயிற்று. இவர் கிழிந்த காலுறையோடு ஒரு குளிர்காலத்தை ஓட்டினார், பாவம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஊரில் மடியில் கிடக்கிற பின்னல் வளர வளரப் புழுக்கம்; எப்போதடா முடிப்போம் என்றிருக்கும். இங்கே பின்னல் வளர வளர மடிக்குக் கதகதப்பு. முடிக்கவே மனசு வருவதில்லை. வசந்த காலத்தில் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பின்னுவேன். தெருவில் போகிறவள் நின்று என் கையைப் பார்ப்பாள். கோடையில் ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் வெளிச்சம் போகாது. இவர் பத்திரிகை படிக்க, நான் பின்ன, யாரும் விளக்கைத் தொடமாட்டோம். இலை உதிர்கிற மாதம் வந்தால் நூல் நிறத்தையும் மாற்றத் தோன்றும். அப்படி நான் எந்தப் பருவத்தில் எதைப் பின்னினாலும், அது கோமதிக்குத்தான்.

அவள் அளவு எனக்குத் தெரியவேண்டுமே! அதற்கு அக்கா ஒரு வழி பண்ணினாள். தையற்காரன் செய்கிற மாதிரி, ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கடுதாசியில் வைத்து அனுப்புவாள். முதல் முடிச்சுவரை தோள், அடுத்தது கை, கடைசிவரை உயரம். வந்ததும் நான் நூலின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறுநுனியைத் தூக்கிப் பிடிப்பேன். இடுப்புக்கு மேல் எங்கே வருகிறாள், மார்புக்கு வந்துவிட்டாளா என்று பார்ப்பேன். என் பெண் வளர்ந்ததை நான் பார்த்தது அப்படித்தான். அந்த நூலின் உச்சியில், தலை இருக்கவேண்டிய இடத்தில், கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை.

காகித விஷயம் தனிக்கதை. ஆபீஸில் ஒரு குமாஸ்தா, குடும்பப் பெயர் என்ன என்றான். அப்படி எங்களுக்கு ஒன்றும் கிடையாது என்றேன். இல்லாமல் எப்படி மனிதர்கள் இருப்பார்கள் என்று அவனுக்கு ஆச்சரியம். கடைசியில் இவர் பெயரையே எல்லாருக்கும் ஒட்டினான். பிறகு, குழந்தை என்னுடையதுதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டான்.

"அவள் யாரிடம் வளர்கிறாள்?"

"என் அக்காவிடம்."

"எத்தனை காலமாக?"

சொன்னேன். அவன் மேஜைமேலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். மரியாதையான ஆள்தான், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிறவரை அந்தப் பார்வை என்னைச் சுட்டது.

4

நீலச் சட்டைக்கு வருவோம். போன வசந்தத்தில் ஆரம்பித்தேன். கூப்பன் சேர்த்துச் சேர்த்து வாங்கின நல்ல யார்க்ஷயர் கம்பளி. குழந்தை வளருமே என்று நூல் அளவுக்கு மேல் நான்கு விரல் தாராளம் வைத்தேன். ஆடியில் போய்ச் சேர்ந்தது. அக்காவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "சட்டை வந்தது, அளவு சரியாக அமையவில்லை."

அந்த வரியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு! அளவு நூலை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். தப்பில்லை. அப்படியானால் தப்பு என் கையிலா? நான் விட்டுவந்த மூன்று வயசுக் குழந்தைக்குத்தான் இன்னும் என் கை பின்னிக்கொண்டிருக்கிறதோ? பெற்றவளுக்குத் தன் குழந்தையின் அளவு தெரியவில்லை என்றால் அதைவிட வெட்கம் வேறென்ன! ராஜம் வருகிறவரைக்கும் இந்த வேதனை என்னைத் தின்றது.

ராஜம் அன்றைக்கு மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தபடி விஷயத்தைச் சொன்னாள். அக்கா, புதுத்துணியைக் குழந்தைக்கு அப்படியே போடக்கூடாது என்று, எந்தக் குரோஷாவுக்கும் செய்கிறதைச் செய்திருக்கிறாள். வெந்நீர் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்து, அடித்துத் துவைத்து, கெட்டிக் கஞ்சியில் முக்கி, மொட்டைமாடி வெயிலில் போடச் சொல்லியிருக்கிறாள். பருத்தி நூலாயிருந்தால் பூ மாதிரி விறைத்து நின்றிருக்கும். கம்பளி என்ன செய்யும்? பாவம், அதுவும் ஒரு உயிரின் ரோமம்தானே, குறுகிச் சுருண்டுவிட்டது. வேலைக்காரி முனியம்மா சாயங்காலம் மாடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாளாம்.

"இன்னாம்மா இது, காலையில கொயந்தைக்குச் சரியா இருந்திச்சி, இப்ப கொயந்தையோட பொம்மைக்குத்தான் சரியா கீது!" என்றாளாம்.

அக்கா உட்கார்ந்து அழுதுவிட்டாளாம். தூக்கிப்போட மனசு வராமல் மரப்பாச்சிக்குப் போட்டிருக்கிறாள். எனக்கு எழுத வெட்கப்பட்டுக்கொண்டு, அளவு அமையவில்லை என்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காமேல் வந்த கோபம், சட்டை போன துக்கம் எல்லாம் அந்தச் சிரிப்பிலேயே கரைந்தது. அளவு சரியாகத்தான் இருந்திருக்கிறது! என் கை தப்பவில்லை! "வேறே பின்னிட்டாப் போச்சு. பங்குனிக்குள்ளே முடிச்சுடுவேன்," என்றேன்.

ராஜம் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

5

"இன்னொண்ணு இருக்கு. சொல்லலாமா வேண்டாமான்னு தெரியலை," என்றாள்.

"சொல்லு."

"நான் கிளம்பற அன்னிக்குக் குழந்தை எங்கிட்டத் தனியா வந்தா. 'மாமி, என்னையும் உங்க ஊருக்கு அனுப்பப் போறாளாமே. அம்மாவும் வருவாளோ?' ன்னு கேட்டா. 'அசடே, அங்கேதானே உங்கம்மா இருக்கா' ன்னேன்." ராஜம் என் முகத்தைப் பார்க்காமல் அப்பளக் கட்டின் நூலை நிமிண்டினாள். "'அவா லீட்ஸ் அம்மா. நான் எங்கம்மாவைக் கேக்கறேன்' னா."

அப்பளக் கட்டை எடுத்து உள்ளே வைத்தேன். அக்கா தன்னைப் பெரியம்மா என்று கூப்பிடத்தான் குழந்தையைப் பழக்கியிருக்கிறாள். என் படத்தைத் தினம் காட்டுகிறாள். தப்பு யார் பேரிலும் இல்லை. காய்ச்சலில் பக்கத்தில் படுத்தவள், தலைவாரிப் பின்னினவள், சோறு பிசைந்து போட்டவள் யாரோ அவளைத்தான் குழந்தை அம்மா என்று சொல்லும். நான் அனுப்பினதெல்லாம் சட்டை.

மறுநாள் பக்கத்து வீட்டு மிஸஸ் டிக்ஸன் தேநீருக்கு வந்தாள். இந்தத் தெருவில் என் வீட்டுக்குள் வந்து உட்காருகிற ஒரே வெள்ளைக்காரி அவள்தான். என் முகம் சரியில்லை என்று கண்டுகொண்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு அவள் தன் பையனைப் பற்றிச் சொன்னாள். பெயர் டாம், இப்போது கப்பல் வேலையில் இருக்கிறான்.

சண்டை ஆரம்பத்தில் இங்கே பட்டணத்துக் குழந்தைகளையெல்லாம் குண்டுக்குப் பயந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். டாமும் போனான், சட்டையில் பெயர்ச்சீட்டைக் கட்டிக்கொண்டு. ஒரு பண்ணை வீட்டில் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். இவளுக்குத் தொழிற்சாலையில் ராப்பகலாக வேலை; போய்ப் பார்ப்பது எப்போதாவதுதான். சண்டை முடிகிற சமயத்தில், அனுப்பிவிடுங்கள் என்று எழுதினாள். ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

"வந்தானா?" என்றேன்.

"வந்தான். மறுநாள் காலையில், 'நான் ஒரு துண்டு ரொட்டி எடுத்துக்கொள்ளலாமா?' என்று என்னிடம் கேட்டான்." மிஸஸ் டிக்ஸன் கோப்பையைக் கீழே வைத்தாள். "சொந்த வீட்டில் எந்தக் குழந்தையாவது அப்படிக் கேட்குமா? இந்த வீட்டைவிட்டுப் போகிறவரைக்கும் அவன் கேட்டுக்கொண்டுதான் எடுத்தான். ரொம்ப நல்ல பையன். ஒரு நாள் என்னோடு சண்டை போட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்."

கோமதி என்முன் வந்து நின்று, "சாதம் போட்டுக்கலாமா?" என்று கேட்கிறாற்போல இருந்தது.

6

இவர் வேலையிலிருந்து வந்து காலைக் கணப்புக்கு நேரே நீட்டினபிறகு சொன்னேன். "டிக்கெட் பணத்தைக் கோமதிக்குக் கட்டவேண்டாம். எனக்குக் கட்டுங்கோ. நான் போறேன்."

"அழைச்சுண்டு வரவா?"

"வந்தா அழைச்சுண்டு வரேன்."

"வந்தான்னா? ஆறு வயசுப் பொண்ணைச் சம்மதமா கேக்கப்போறே? அவ நம்ம குழந்தை."

"நமக்குத் தெரியறது. அவளுக்குத் தெரியவேண்டாமா?"

அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து போய் ஜன்னலண்டை நின்றார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, பனிதான். "அவ தத்தக்கா பித்தக்கான்னு நடந்தபோது பார்த்தது. எனக்கு மட்டும் ஆசையில்லையா?" என்றார். முகத்தை இந்தப் பக்கம் திருப்பவில்லை. இந்த மனுஷர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"அவசரப்பட்டு வரவழைச்சா உடம்புதான் வந்துசேரும். போட்டதைத் தின்னுண்டு, கேட்டுக் கேட்டு எடுத்துண்டு, மரியாதையா ஒரு குழந்தை இந்த ஆத்திலே வளையவரும். அது நமக்கு வேண்டாம். நான் போய் அவளோட இருக்கேன். தலைவாரி விடறேன். சண்டை போடறேன். வெயிலோ மழையோ, எத்தனை மாசம் ஆறதோ ஆகட்டும்."

"அப்பவும் அக்காவை விட்டு வரமாட்டேன்னா?"

நான் போய்க் கணப்பைக் கிளறினேன். விசாலத்தை நினைத்தால் பகீரென்கிறது. கட்டில் விரிப்பைப் பிரித்துக் கொடுத்தவளிடம் போய்க் குழந்தையைப் பிரித்து வாங்கவா போகிறேன்? கொடு என்றால் கொடுத்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

நேற்று இவர் பணம் கட்டிவிட்டு வந்தார். என் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். நான் அக்காவுக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்தேன். குழந்தையைக் கப்பலுக்கு ஆயத்தம் பண்ணவேண்டாம், நானே வருகிறேன், சட்டைக்காக நீ அழவேண்டாம், எனக்கும் சிரிப்புத்தான் வந்தது என்றெல்லாம் எழுதியாயிற்று. ஒரு விஷயத்துக்கு மட்டும் பேனா நகரவில்லை. யார் வருகிறாள் என்று குழந்தையிடம் சொல்வது? கோமதிக்கு அம்மா என்று ஒருத்தி மயிலாப்பூரில் இருக்கிறாள். அந்த அம்மாவுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அந்த அளவுக்குக் குழந்தைக்குத் தெரிந்ததெல்லாம் நிஜம்.

கடைசியில் எழுதினேன்: "கோமதிகிட்டே அம்மா வரான்னு சொல்லாதே அக்கா. சித்தி வரான்னு சொல்லு."